உருமாறிக்கு யார் காவல்?

போன டிசம்பர் விடுமுறையில் அனலைதீவில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியை அழவைத்துவிட்டேன். அடிக்கவில்லை, ஏசவில்லை. விளையாட்டில் ஒரு மீனாக மாறினேன், அவ்வளவுதான். அந்தப் பிழையைத் திருத்த எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பதினொரு நாளில் விளங்கிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சையை முன்னால் வைத்துக்கொண்டு இவளுக்கு ஏன் இந்த வேலை என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். எங்கள் உம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

வாப்பாவுக்கு இரண்டு வருடமாக அனலைதீவில் வேலை. உம்மாவும் அங்கே இருக்கிறார். நானும் தங்கச்சியும் படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் உம்மம்மாவோடு தங்கியிருக்கிறோம். விடுமுறை விட்டால் ஊர்காவற்றுறை வரை பஸ், அங்கிருந்து படகு. வீட்டைச் சுற்றிப் பனைகள், அப்பால் புகையிலைத் தோட்டம், அதற்கப்பால் கடல். வாடைக்காற்று பலத்தால் படகு ஓடாது. மின்சாரமும் போய்விட்டால் பின்னேரம் முழுவதும் திண்ணைதான். அந்தத் திண்ணையில்தான் எங்கள் விளையாட்டுத் தொடங்கியது.

இந்த விளையாட்டை இங்கே பலர் கண்டிருக்க மாட்டார்கள். ஒரு மேசை, கடதாசி, பென்சில், நாலைந்து பேர் போதும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். “புயல் வருகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று கதைசொல்லி கேட்பார். அவரவர் பாத்திரத்தால் என்ன முடியுமோ அதைச் சொல்ல, கதை நகரும். நாடகம் போலத்தான், ஆனால் வசனம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இந்த வகையில் அச்சில் வந்த முதலாவது பெரிய விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. லண்டனில் இருக்கும் சாச்சாவின் மகன், எனக்கு நானா முறை, அதன் விதிகளைக் கைபேசியில் அனுப்பியிருந்தார்.

அதில் இருபது முகப் பகடை உருட்ட வேண்டும். உம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “பகடை எங்கட வீட்டில வேண்டாம்.” மார்க்கத்தில் பகடைக்கு இருக்கும் கண்டிப்பு எனக்கும் தெரியும் என்பதால் வாதாடவில்லை. பகடைக்குப் பதில் புளியங்கொட்டை எடுத்தோம். எறிவதற்கல்ல, எண்ணிக் கொடுப்பதற்கு. ஆளுக்குப் பத்துக் கொட்டை. ஒரு வேலை செய்ய வேண்டுமென்றால் கொட்டையைக் கதைசொல்லியிடம் கட்ட வேண்டும். தன் தொழிலில் ஒரு வேலைக்கு ஒரு கொட்டை, பிறர் தொழிலுக்கு நாலு. தோணிக்காரி ஒரு கொட்டைக்குக் கடலைக் கடப்பாள், மருத்துவச்சி கடப்பதானால் நாலு கட்ட வேண்டும். அதிர்ஷ்டத்தை நீக்கிவிட்டதால் விதிகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. பகடை இருந்திருந்தால் எங்கள் பிழை இவ்வளவு கெதியாக வெளியே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். தோற்றவர் பகடையைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்.

கதைசொல்லி பக்கத்து வீட்டுப் பிள்ளை, என் வயது, கலைப்பிரிவில் படிக்கிறாள். அவளுடைய கடைக்குட்டித் தங்கச்சி தோணிக்காரி. பன்னிரண்டு வயதுத் தம்பி மரமேறித் தூரம் பார்ப்பவன். என் தங்கச்சி மருத்துவச்சி. நான் உருமாறி. எந்த உயிரினமாகவும் மாறலாம். நான்தான் அந்தப் பாத்திரத்தைத் தெரிந்தெடுத்தேன், விதியையும் நான்தான் எழுதினேன். மாறுவதற்கு ஒரு கொட்டை.

முதல்நாள் கதை: எழுவைதீவில் ஒருவருக்குக் கடுஞ்சுகவீனம், மருந்து அனலைதீவில் இருக்கிறது, கடல் கொந்தளிக்கிறது. “நான் மீனாகி மருந்தைக் கொண்டுபோகிறேன்” என்றேன். ஒரு கொட்டை. வழி தெரியவில்லை என்றதும் கடற்பறவையானேன். ஒரு கொட்டை. வீடு பூட்டியிருந்தது, பல்லியாகி உள்ளே போனேன். ஒரு கொட்டை. இருபது நிமிடத்தில் கதை முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்குட்டி தன் பத்துக் கொட்டையையும் அப்படியே மேசையில் வைத்தாள். “நீங்களே எல்லாத்தையும் செய்யுங்கோ அக்கா. நான் அம்மாட்டப் போறன்” என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் போன பிறகு அவள் அழுவது கேட்டது. அதற்கு முதல் ஒரு கிழமையாக அவள் தன் தோணிக்குப் படம் கீறி, பாய்க்கு நிறம் தீட்டி, துடுப்பு எத்தனை என்றுகூட எழுதி வைத்திருந்தாளாம்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். தோணிக்காரிக்குக் கடல் ஒரு கொட்டை, மரமேறிக்குத் தூரம் ஒரு கொட்டை. எனக்கோ எல்லாருடைய தொழிலும் ஒரு கொட்டை! நான் அவர்களைவிடப் பலசாலி என்பதல்ல இங்கே பிழை. ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தில் நானும் போய் நின்றுகொண்டேன்.

முதலில் விலையை ஏற்றினேன். மாறுவதற்கு ஐந்து கொட்டை. இரண்டு தரம் மாறிவிட்டு மீதி நேரம் கொட்டாவி விட்டேன். பிறகு ‘ஒரு கதைக்கு மூன்று தடவை’ என்று வரையறை வைத்தேன். இது இன்னும் மோசம். மூன்றையும் பத்திரப்படுத்தி வைத்தேன். மற்றவர்கள் துடுப்புப் போட்டு, மரம் ஏறி, காயத்துக்குக் கட்டுப் போட்டுக் கஷ்டப்பட்டார்கள். கடைசிக் கட்டத்தில் நான் வந்து மூன்றையும் ஒரேயடியாகச் செலவழித்துப் பெயர் எடுத்தேன். தங்கச்சி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். வீட்டில் பாத்திரம் கழுவும் நேரம் பார்த்து நான் படிக்கப் போகும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

அடுத்ததாக ஒரு பலவீனம் சேர்த்தோம். உப்புப் பட்டால் உரு கலைந்துவிடும். பச்சைக் கல்லைக் கண்டால் சோர்ந்துபோகும் சுப்பர்மேன் மாதிரி. தீவில் எங்கே உப்பு இல்லை? காற்றிலும் உப்பு, கிணற்றிலும் உவர். கதைசொல்லிக்கு என்மேல் கோபம் வந்தால் உப்பு வரும், கோபம் ஆறினால் உப்பை மறந்துவிடுவாள். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்த பலவீனம் இப்படித்தான். அது என் கையிலும் இல்லை, தோழிகள் கையிலும் இல்லை, கதைசொல்லியின் மனநிலையில் இருக்கிறது.

நானா அனுப்பிய விதிகளைத் திரும்பவும் புரட்டினேன். அதில் ‘ட்ரூயிட்’ என்றொரு பாத்திரம் மிருகமாக மாறும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி மிருகமாகும்போது அந்த மிருகத்தின் உயிர்ப்புள்ளிகள் தனியாகக் கிடைக்கும். அவை முடிந்தால் மனித உடல் பழையபடி திரும்பி வரும். அதாவது மிருக உடல் கிழித்தெறியும் சட்டை. 2024 பதிப்பில் இதை மாற்றிவிட்டார்கள். இப்போது மாறினாலும் சொந்த உயிர்ப்புள்ளிகள்தான், கொஞ்சம் மேலதிகம் மட்டும் தற்காலிகமாகச் சேரும். நல்ல திருத்தம். ஆனால் அது கணக்கைத் திருத்துகிறது, தோணிக்காரியைத் திரும்பக் கூட்டிவரவில்லை. பழைய பதிப்பில் இன்னொரு விதி இருந்தது. நீந்தும் உரு எடுக்க நாலாம் படி வரையும், பறக்கும் உரு எடுக்க எட்டாம் படி வரையும் காத்திருக்க வேண்டும். எழுதியவர்களுக்கு எங்கள் கடைக்குட்டியின் கவலை ஓரளவு தெரிந்திருக்கிறது. ஆனால் தள்ளிப்போடுவது தீர்வாகாது. எட்டாம் படியில் யாரோ ஒருத்தி வேலிக்கு அப்பால் போய் அழுவாள்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உருமாறும் சக்திக்குப் பலவீனம் வெளியிலிருந்து வரக்கூடாது. அந்த மாற்றத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதோடு, அந்தப் பலவீனத்தை நிரப்புவதற்குப் பக்கத்தில் இன்னொருவர் தேவைப்பட வேண்டும். முதல் பாதி எங்கள் ஆடுபுலி ஆட்டத்திலேயே இருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்டவே முடியாது. ஆனால் புலி தாண்டுவதற்கு ஆட்டுக்குப் பின்னால் வெற்றிடம் வேண்டும். ஆடுகள் நெருங்கி நின்றால் புலிக்குப் பாய இடமில்லை. புலிக்கு நாளுக்கு மூன்று பாய்ச்சல் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாய்ச்சல் எதனால் ஆனதோ அதனாலேயே அதைக் கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது பாதியைப் பக்கத்து வீட்டு அம்மம்மா தந்தார். திருமூலர் கதை. சைவப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரிந்ததுதான், எனக்குப் புதிது. மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான், பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அதைக் கண்டு இரங்கிய யோகி தன் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து பசுக்களை வீடு சேர்க்கிறார். திரும்பி வந்து பார்த்தால் தன் உடலைக் காணவில்லை. மிச்சக் காலம் முழுவதும் மூலனின் உடலிலேயே இருக்கிறார். அம்மம்மா பக்தியோடு சொன்னார், அது இறைவன் செயல் என்பது அவருடைய விளக்கம். நான் மரியாதையோடு கேட்டேன். ஆனால் என் மனம் விளையாட்டில் இருந்ததால் ஒரேயொரு கேள்வி எழுந்தது: அந்த உடலுக்குப் பக்கத்தில் ஒருவர் காவல் இருந்திருந்தால்?

‘ஆயிரத்தொரு இரவுக’ளிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. குரங்காக மாற்றப்பட்ட ஓர் இளவரசனை மீட்க, சூனியம் கற்ற அரசகுமாரி ஒருத்தி ‘இஃப்ரீத்’ எனும் ஜின்னோடு மோதுகிறாள். அவன் சிங்கமாக வர, அவள் ஒரு முடியை வாளாக்கி வெட்டுகிறாள். அவன் தேளானால் அவள் பாம்பு. இப்படியே போய் அவன் மாதுளம்பழமாகி வெடித்துச் சிதற, அவள் சேவலாகி முத்துகளை ஒவ்வொன்றாகக் கொத்துகிறாள். ஒரு முத்து தப்பித் தண்ணீருக்குள் உருண்டு மீனாகிவிடுகிறது. கடைசியில் இருவரும் நெருப்பாகிப் போராட, அவன் சாம்பலாகிறான், அவளும் எரிந்துபோகிறாள். இளவரசனுக்கு உரு திரும்புகிறது, ஒரு கண் போய்விடுகிறது. எந்த உருவும் எல்லாவற்றிலும் சிறந்ததாக இல்லை என்பது இதில் எனக்குப் பிடித்தது. பக்கத்தில் ஆட்கள் நின்று பார்த்தும், அந்த ஒரு முத்தைக் காட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை என்பது பிடிக்கவில்லை.

கதைகளைவிட நண்டுதான் எனக்கு அதிகம் உதவியது. நான் உயிரியல் பிரிவு. நண்டு வளர வேண்டுமென்றால் கோதைக் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் புதுக்கோது மெத்தென்று இருக்கும், இறுகும் வரை அதனால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. பெரிதாகும் நேரமும் ஆபத்தான நேரமும் ஒன்றுதான். எங்கள் கடலில் பிடிபடும் நீல நண்டில், கோது கழற்றும் பெண் நண்டை ஆண் நண்டு கால்களுக்குள் வைத்துக் காவல் காக்கும். கணவாயும் அப்படியொரு வித்தைக்காரன். ஒரு நொடிக்குள் நிறம் மாறிவிடும், ஆனால் அதன் கண்ணுக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தான் போட்டிருக்கும் உடுப்பின் நிறம் தனக்கே தெரியாத பெருநாள் பிள்ளை!

இவற்றை வைத்து எழுதிய விதி இதுதான். மாறுவதற்கு ஒரே ஒரு கொட்டை, எத்தனை தரமும் மாறலாம். ஆனால் மாறும் சுற்றிலும் திரும்பும் சுற்றிலும் உருமாறி மெத்தென்ற நண்டு. ஒரு சிறு அடி பட்டாலும் அவளுடைய கொட்டை முழுவதும் போய்விடும், ஆகவே யாராவது தன் முறையை விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். மிருகமாக இருக்கும்போது பேச முடியாது. மேசையிலும் நான் வாய் திறக்கக் கூடாது, சைகை மட்டும். மாறுவதற்கு முன் என் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒரு தோழியிடம் கொடுக்க வேண்டும். அவள் கூப்பிட்டால் மட்டுமே திரும்பி வரலாம், நானாக வர முடியாது. மிருகமாக இருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டை தானாகப் போகும். கொட்டை முடிந்தால் பெயர் மறந்துபோகும், அன்றைய கதை முடியும் வரை மிருகம்தான்.

பெயர்ச் சீட்டு எனக்கு எங்கிருந்து தோன்றியது என்று கதைசொல்லி கேட்டாள். வடமாகாணத்து முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளம் போனது. நான் பிறந்தது அங்கேதான். யாழ்ப்பாணம் வந்து இரண்டு மாதத்துக்குள் வகுப்பில் இந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். புத்தளம் போனால் மாமி பிள்ளைகள் “யாழ்ப்பாணத்தாள் வந்துட்டா” என்று சிரிக்கிறார்கள், இங்கே சில சொற்களுக்கு வகுப்பில் சிரிக்கிறார்கள். எது என் சொந்தப் பேச்சு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள் உம்மம்மா என்னைக் கூப்பிடும் ஒரு செல்லப்பெயர் உண்டு. அதைக் கேட்டவுடன் நாக்கு தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும். இதைச் சொன்னதும் அவள் சீட்டைப் பற்றி மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைக்குட்டியை அழைத்துவர நானே வேலி தாண்டிப் போனேன். உருமாறிக்குத் தோணிக்காரி இல்லாமல் முடியாது என்று விதியை வாசித்துக் காட்டினேன். நம்பாமல்தான் வந்தாள். பத்தாம் நாள் கதையில் தோணியின் கயிறு கடலடியில் கல்லில் சிக்கிக்கொண்டது. நான் பெயர்ச் சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு மீனானேன். தங்கச்சி தன் முறையை விட்டு எனக்குக் காவல் நின்றாள். கயிற்றைக் கழற்றினேன். அதற்குள் கதைசொல்லி பெரிய அலை ஒன்றைக் கிளப்பிவிட்டாள். தோணிக்காரி அந்தச் சுற்றில் துடுப்பைப் பிடிக்கலாம், அல்லது என்னைக் கூப்பிடலாம். இரண்டும் முடியாது. என்னிடம் ஒரேயொரு கொட்டை மீதி. நான் பேசக்கூடாது. கையைக் காட்டினேன், கண்ணை உருட்டினேன், மேசையில் தட்டினேன். அவள் சீட்டைப் பார்த்தாள், தன் தோணிப் படத்தைப் பார்த்தாள்.

“துடுப்புத்தான்” என்றாள். “போட் கவிழ்ந்தா மருந்தும் போயிரும், ஆக்களும் போயிருவினம். அக்கா மீன்தானே, நீந்துவா.”

மிச்சக் கதை முழுக்க நான் மீன். முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்து அவர்கள் கரை சேர்வதைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி என்பதால் எதிர்க்கவும் வழியில்லை. என் வாழ்க்கையில் முக்கால் மணி நேரம் நான் பேசாமல் இருந்தது பரீட்சை மண்டபத்தில் மட்டும்தான் என்று உம்மா பிறகு சொன்னார். அவர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கதைசொல்லி இன்னமும் இந்த விதியை முழுதாக ஏற்கவில்லை. இவ்வளவு பிறரை நம்பியிருக்கும் பாத்திரத்தை யார் விரும்பி எடுப்பார்கள் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்வி. சீட்டு வைத்திருப்பவர் குறும்பு செய்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இல்லை. பதினோராம் நாள் கடைக்குட்டி ஒரு தொதல் துண்டு தந்தால்தான் கூப்பிடுவேன் என்று பேரம் பேசினாள், கொடுத்தேன். சீட்டுக்காரர் ரியூசன் வகுப்புக்குப் போய்விட்டால் விளையாட்டே நின்றுவிடுகிறது. ஆனால் முதல்நாள் உருமாறியை யாரும் கேட்கவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டேன். பதினோராம் நாள் மரமேறித் தம்பியும் என் தங்கச்சியும் அடுத்த முறை தாங்கள்தான் உருமாறி என்று சண்டை பிடித்தார்கள்.

இரண்டு உருமாறி வைக்கலாம் என்று சொல்லிவிட்டு ஊர்காவற்றுறைக்குப் படகு ஏறினேன். படகில் வரும்போதுதான் சிக்கல் விளங்கியது. ஒருவர் சீட்டை மற்றவர் வைத்திருந்து, இருவரும் ஒரே நேரத்தில் மீனாகிவிட்டால் யார் யாரைக் கூப்பிடுவது? அடுத்த விடுமுறைக்கு முன் இதற்கு ஒரு விதி எழுத வேண்டும். வாசிக்கும் தோழியர் யாருக்காவது தோன்றினால் எனக்குச் சொல்லுங்கள். பகடை மட்டும் வேண்டாம்.